கைச்சத்தம்

அண்ணனுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதென்று மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. நேற்றுவரை குழிக்குள் இறங்கி கிரீஸும் கறுப்புமாகத் திரும்பி வந்தவன், இப்போது இஸ்திரி போட்ட சட்டையில் போகிறான். மேசை முன்னால் உட்கார்ந்து தொலைபேசியில் புகார் கேட்கிறான். போட்ட சட்டை கசங்காமல் வீடு வந்து சேர்கிறான். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "கையில கறை ஒட்டாத வேலை. அவன் பொறுமைக்குக் கிடைச்சது" என்பாள். எதிர்வீட்டு அம்மாள் தன் மருமகனின் பெருமையை அளந்துகொண்டிருந்தவள், இந்தச் செய்திக்குப் பிறகு படியில் அம்மாவைப் பார்த்தால் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறாள்.

உண்மை வேறு. அண்ணனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கி இருட்டு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார், காரணத்தைச் சொன்னார், மருந்தை மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பியவன், பக்கத்தில் நின்ற கூட்டாளியைப் பார்க்காமல் இடித்துவிட்டான். நல்லவேளை, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் போய், என்னை மேசைக்கு மாற்றிவிடுங்கள் என்று இவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தப் பதவி உயர்வு வந்த கதை இதுதான். வீட்டில் இது தங்கைக்கு மட்டும் தெரியும்.

"அம்மாகிட்ட எப்பச் சொல்லப் போற?" என்று அவள் கேட்டாள்.

"ஜெயிச்சுட்டுச் சொல்றேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டு, கோப்பையை அம்மா கையில குடுத்துட்டு, அப்புறம் பக்கத்துல உக்காந்து சொல்றேன். வெறுங்கையோட போய், அம்மா எனக்குக் கண்ணு போகுதுன்னு எப்படிச் சொல்றது? நீயே சொல்லு, வாலு."

வாலு என்றால் தங்கைதான். பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வீங்கின கன்னங்களுக்கு நடுவில் கண்ணியமாக உட்கார்ந்திருக்கிற பெண். இருந்தாலும் அண்ணனுக்கு இன்னமும் வாலுதான்.

ஜெயிப்பது என்று அவன் சொன்னது சண்டை விளையாட்டில். திரையில் இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்வார்கள். அவர்களை ஆட்டுவிக்கிற இரண்டு பேர் திரைக்கு முன்னால், மடியில் ஆளுக்கொரு பலகையை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பலகையின் இடது பக்கம் ஒரு லீவர், வலது பக்கம் வரிசையாகப் பட்டன்கள். யாருடைய ஆள் முதலில் விழுகிறானோ அவர் தோற்றார். பார்க்கிறவர்களுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டு. ஆடுகிறவர்களுக்கு அப்படியில்லை. எதிராளி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை, அவன் செய்து முடிப்பதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணன் அடிப்பதில் பெரிய ஆள் இல்லை, தடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அடித்து அடித்துக் கை வலித்துப்போன யாரோ ஒருவர் அவனுக்குச் 'சுவர்' என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

"சுவராம் சுவரு" என்று அம்மா நொடிப்பாள். "இந்த வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக் குடுன்னு எத்தனை நாளாக் கேக்கறேன். அதுக்கு வழியக் காணோம்."

பேர் இருந்ததே தவிரக் கோப்பை இல்லை. வருஷா வருஷம் நடக்கிற போட்டியில் கடைசி ஆட்டம் வரை வருவான். வந்து தோற்பான். இப்போது கண்ணும் கைவிட ஆரம்பித்த பிறகு, திரையில் தன் ஆளைப் பார்த்தால் எதிராளியின் ஆள் தெரிவதில்லை, எதிராளியைப் பார்த்தால் தன் ஆள் தெரிவதில்லை. அடுத்த வருஷம் இதுவும் இருக்காது. ஆகவே இதுதான் கடைசி.

அதற்காக அவன் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டான். அந்த விளையாட்டில் எட்டி வைக்கிற காலுக்கு ஒரு சத்தம், குதிக்கும்போது துணி படபடக்கிற சத்தம், உதை கிளம்புவதற்கு முன்னால் காற்றைக் கிழிக்கிற சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருந்தது. மற்றவர்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்வதை இவன் காதால் கேட்டு முடிவு செய்யப் பழகினான். ராத்திரி பகல் என்று பார்க்காமல் தனியாக உட்கார்ந்து பழகினான். ஒருநாள் தங்கையின் அறை வாசலில் வந்து நின்றான்.

"நீ அந்த விளையாட்டுக்குப் பாட்டுப் போடறல்ல, அதுல எனக்குக் கொஞ்சம் இடம் விடு."

"இடம்னா?"

"போன பாட்டுல மேளம் ரொம்ப ஜாஸ்தி. கால் சத்தம் அதுல மூழ்கிப் போகுது. மூழ்காத மாதிரி போடு. அது போதும் எனக்கு."

தங்கை வீட்டிலேயே இசை போடுகிறவள். பெரிய ஒலிப்பதிவுக் கூடமெல்லாம் இல்லை. இரண்டு துணி அலமாரிகளுக்கு நடுவில் ஒரு மேசை, ஒரு கணினி, சுற்றிலும் தொங்கவிட்ட கம்பளிகள். கோடையில் அதற்குள் உட்கார்ந்தால் வெந்து போவாள். சின்னச் சின்ன விளையாட்டுகளுக்கு இசை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, அண்ணன் ஆடுகிற விளையாட்டைச் செய்த நிறுவனத்திலிருந்தே அழைப்பு வந்தது. அதுவும் பெரிய நிறுவனமில்லை, நாலைந்து பேர். மருத்துவமனையில் பல் குடைகிற சத்தத்தைப் பதிவு செய்து, அதை இழுத்து நீட்டி, விளையாட்டில் சண்டை நடக்கிற பனிமலை மேடைக்குக் காற்றாக ஆக்கியவள் இவள். அந்தக் காற்றைக் கேட்டுச் சிலிர்த்துப் போனதாக ஒருவர் எழுதியிருந்தார். யாருடைய கடைவாய்ப் பல் அது என்று அவருக்குத் தெரியாது.

அண்ணன் கேட்டபடியே இடம் விட்டாள். கால் சத்தம் எந்த உயரத்தில் கேட்கிறதோ அங்கே மேளத்தைக் குறைத்தாள். காற்றைக் கிழிக்கிற சத்தம் வருகிற இடத்தில் கம்பிவாத்தியத்தை வெட்டி எடுத்தாள். ஒவ்வொரு பாட்டாக, கண்ணும் கருத்துமாக. நிறுவனத்துக்காரர் கேட்டுவிட்டு, "பாட்டு கொஞ்சம் ஒல்லியா இருக்கே" என்றார். "அடி தெளிவாக் கேக்கணும் இல்லையா சார்" என்றாள். அண்ணனுக்குச் சலுகை காட்டுகிறோமோ என்று மனசு உறுத்தாமல் இல்லை. காது கொடுத்துக் கேட்கிற எல்லோருக்கும்தானே கேட்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

புதிய பதிப்பில் ஒரு மேடையை மட்டும் நிறுவனத்துக்காரர் மறைத்து வைத்திருந்தார். போட்டியின் கடைசி ஆட்டத்தில்தான் அது முதன்முதலாகத் திறக்கும். அதற்கான இசையைப் பற்றி மூச்சு விடக்கூடாது, வீட்டிலும்கூட, என்று அவளிடம் உறுதி வாங்கியிருந்தார். அந்த இசைக்குப் பிற்பாதியில் ஏதோ குறைந்தது. தேடிக்கொண்டிருந்தபோது பழைய பதிவு ஒன்று கிடைத்தது. புது மைக் வாங்கிய சமயத்தில், எப்படிக் கேட்கிறது பார்ப்போம் என்று அண்ணன் தோளுக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டு, அவன் ஆடுகிற கைச்சத்தத்தை எடுத்திருந்தாள். கண் நன்றாக இருந்த காலம். லீவர் தட்டுகிற சத்தமும் பட்டன்கள் விழுகிற சத்தமும் துளித் தயக்கம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதாள்.

அப்புறம் அதையே தாளமாக வைத்தாள். கடைசி ஆட்டத்தில் அண்ணன் இருப்பான், அது நிச்சயம். அவன் ஆடும்போது அவன் கையே பாட்டாக வரட்டும். மற்றவர்களுக்குத் தெரியாது, அவனுக்கு மட்டும் தெரியும். போட்டியில் அவன் எப்போதும் வலது நாற்காலியில்தான் உட்காருவான். சின்ன வயசில் அவனுக்கு இடது பக்கத்தில் இவள் உட்கார்ந்து ஆடுவாள். அந்த நினைப்பில், கைச்சத்தத்தை இடது பக்கத்துக்குத் தள்ளி, எதிரொலியெல்லாம் துடைத்துவிட்டு, யாரோ தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஆடுவதுபோல நெருக்கமாக வைத்தாள். அவள் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான்.

"அந்த டக் டக் பிரமாதம்மா. என்ன வாத்தியம் அது?" என்றார் நிறுவனத்துக்காரர்.

"வீட்டுச் சத்தம் சார்" என்றாள்.

போட்டி, அதை வருஷா வருஷம் நடத்துகிற அச்சகக்காரரின் கூடத்தில். தாள் கட்டுகளை ஓரமாக அடுக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். விளக்கையெல்லாம் அணைத்து, திரை வெளிச்சம் மட்டும். இந்த வருஷம் அம்மாவும் வந்திருந்தாள். "நீ வந்தே ஆகணும்" என்று அண்ணன் பிடிவாதமாக நின்றதில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். எதற்காகக் கூட்டி வந்திருக்கிறான் என்று தங்கைக்குத் தெரியும். கோப்பை, அம்மா கை, அப்புறம் அந்தச் செய்தி. எல்லாம் இன்றைக்கே.

அண்ணன் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டான். எதிரில் ஒரு மருந்துக்கடைப் பெண். பகலெல்லாம் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கிற கை, பலகையில் விழுந்தால் மழை மாதிரி விழும். அதற்குள் மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தவருக்குக் கோப்பை. முதல் ஆட்டம் பழைய மேடையில். அண்ணன் வலது நாற்காலியில் உட்கார்ந்து, தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு ஆடினான். அந்தப் பெண் அடித்த எதுவும் உள்ளே போகவில்லை. கூட்டம் "சுவர், சுவர்" என்று சத்தம் போட்டது.

"யாரைச் சொல்றாங்க, நம்ம பையனையா?" என்றாள் அம்மா. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

தங்கைக்கு அந்தப் பக்கத்தில் சலூன்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே அண்ணனிடம் தோற்றுப் போனவர், வருத்தமில்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "தலையை ஏன் அப்படிச் சாய்ச்சு வச்சிருக்கார் தெரியுமா?" என்று கேட்டார்.

"கழுத்து வலியா இருக்கும்" என்றாள் அம்மா. "போனைக் காதுல வச்சு வச்சு."

"அட போங்கம்மா. கையைக் கேக்கறாரு."

"எந்தக் கையை?" என்றாள் தங்கை.

"பக்கத்துல இருக்கறவங்க கையை. லீவரை அரைச்சுத்து சுத்தினா அதுக்கு ஒரு சத்தம், தட்டினா அதுக்கு ஒரு சத்தம். திரையில அடி கிளம்பறதுக்கு முன்னாடி கையில கிளம்பிடுதுல்ல. அதைப் பிடிச்சுடறாரு மனுஷன். போன வருஷத்துலேருந்துதான் இந்த வித்தை. நான் இன்னைக்குப் பலகைக்குக் கீழே துணியெல்லாம் மடிச்சு வச்சுப் பார்த்தேன். அப்பவும் விடலையே."

தங்கை இடது பக்க நாற்காலியைப் பார்த்தாள். வீட்டில் அண்ணன் தனியாகத்தான் பழகுவான். பக்கத்து நாற்காலியில் யாரும் கிடையாது, கேட்பதற்கு இன்னொரு கையும் கிடையாது. விளையாட்டின் சத்தத்தை மட்டும்தான் கேட்கிறான் என்று இவள் நினைத்திருந்தாள். போட்டியில் அவன் பக்கத்துக் கையைக் கேட்டு ஆடுகிறவன். இவளோ அவனுக்கு இடது பக்கத்தில், ஒட்டி உட்கார்ந்தது போல, இன்னொரு கையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இடது பக்க ஒலிபெருக்கி அந்தப் பெண்ணின் நாற்காலிக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

முதல் ஆட்டம் அண்ணனுக்கு. கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே அச்சகக்காரர் மைக்கைப் பிடித்தார். அடுத்த ஆட்டம் இதுவரை யாரும் பார்க்காத மேடையில், யாரும் கேட்காத இசையோடு என்று அறிவித்தார். தங்கை எழுந்துவிட்டாள்.

"உக்காருடி, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்று அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

கையை உதறிவிட்டு, ஆடுகிறவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தின் ஓரத்துக்கு ஓடினாள். அண்ணன் நேராகத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் பக்கவாட்டில் நின்று கையை ஆட்டினாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவன் திரும்பவில்லை. ஓரத்தில் நிற்கிற எதுவும் அவனுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அச்சகக்காரர் பார்த்துவிட்டு வந்தார். "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா? மைக்ல சொல்லட்டுமா?"

என்ன சொல்வது? பாட்டை மாற்றுங்கள் என்றால் ஏன் என்பார். அண்ணனுக்குக் கண் தெரியாது, காதால் ஆடுகிறான் என்று சொல்ல வேண்டும். முன்வரிசையில் நல்ல புடவையோடு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். தங்கை அம்மாவைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். அது அவன் கைதானே, அவனுக்குத் தெரியாதா, கேட்ட உடனே கண்டுபிடித்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாள் என்பதைவிட, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் என்று சொல்ல வேண்டும்.

புதிய மேடை நன்றாக இருந்தது. இசையும் நன்றாக இருந்தது. கூட்டத்தில் இரண்டொருவர் தலையாட்டினார்கள். முற்பாதியில் அண்ணன் கைதான் ஓங்கியிருந்தது. இன்னும் இரண்டு அடி விழுந்தால் அந்தப் பெண்ணின் ஆள் காலி. அப்போது கைச்சத்தம் வந்தது.

இடது பக்கத்திலிருந்து, டக் டக், அரைச்சுற்று, டக். அண்ணன் குனிந்து தடுத்தான். எதிரில் அடியே இல்லை. அந்தப் பெண்ணின் ஆள் ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தான். மறுபடியும் டக் டக். மறுபடியும் தடுத்தான், குதித்தான், பின்வாங்கினான். யாருமே இல்லாத இடத்தில் யாரையோ தடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் ஒரு கணம் புரியாமல் திரும்பி அவனைப் பார்த்தாள். அப்புறம் அடித்தாள். அடி உள்ளே போயிற்று. அதன் பிறகு அடித்த எல்லாமே உள்ளே போயிற்று.

"என்ன ஆச்சு இவருக்கு?" என்றார் சலூன்காரர்.

மூன்றாவது ஆட்டமும் அதே மேடையில். பிற்பாதி வந்தது, கைச்சத்தமும் வந்தது. இந்தத் தடவை அண்ணன் தடுக்கவில்லை. தலையைச் சாய்த்தபடியே கொஞ்சம் கேட்டான். அப்புறம் அவன் விரல்கள் தாமாகவே அந்தச் சத்தத்தோடு சேர்ந்துகொண்டன. பாட்டில் என்ன விழுகிறதோ அதையே அவனும் பலகையில் போட்டான். திரையில் அவனுடைய ஆள், எதிராளியின் ஆள் எங்கே நிற்கிறான் என்றுகூடப் பார்க்காமல், காற்றில் குத்தி உதைத்துச் சுழன்றுகொண்டிருந்தான். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. முடிந்தவரை சீக்கிரமாக ஆட்டத்தை முடித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பாசத்தில் பிடித்திருக்கிறான் என்று அம்மா நினைத்தாள். தெருவிளக்கு எரியாத இடத்தில் பிடி கொஞ்சம் இறுகியது.

"விடுடா" என்றாள் அம்மா. "ஒரு விளையாட்டு. போனாப் போகுது. உனக்கு என்ன குறைச்சல்? பதவி உயர்வு வந்திருக்கு. அதைவிடவா இந்தப் பித்தளைக் கிண்ணம் பெரிசு?"

அண்ணன் "ஆமாம்மா" என்றான். தங்கை பின்னால் வந்துகொண்டிருந்தாள். வழியிலே அழுதால் அம்மா கேள்வி கேட்பாள் என்று அழுகையை விழுங்கிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அவன் அறைக்குப் போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பலகை கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தது.

"அது என் கைதானே?" என்று அவனே கேட்டான்.

"ஆமா."

"எப்ப எடுத்தது?"

"புது மைக் வாங்கினப்போ."

"அதான் பார்த்தேன். இப்ப அவ்வளவு வேகம் வராது எனக்கு." "முதல்ல அந்தப் பொண்ணோட கைன்னுதான் நினைச்சேன். என்னடா இது, இவ்வளவு நல்லா ஆடறாளே, எப்படித் தடுக்கப் போறோம்னு பயந்துட்டேன். அடுத்த ஆட்டத்துலதான் தெரிஞ்சுது. தெரிஞ்ச அப்புறமும் முடியல. காது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, கை அது பின்னாடியே போகுது."

"மன்னிச்சுடுண்ணா. நீ கையைக் கேட்டு ஆடறேன்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்லையே."

"நீயும்தான் பாட்டைப் பத்திச் சொல்லல." குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "உன்கிட்ட என்ன கேட்டேன், வாலு? கொஞ்சம் இடம் விடுன்னு கேட்டேன். அவ்வளவுதானே கேட்டேன்? அந்த இடத்துல கொண்டுபோய் என்னையே ஏன் உக்கார வச்சே?"

"உனக்காகத்தான் வச்சேன்."

"தெரியும். தெரியறதனாலதான் உன்னை வாய்விட்டுத் திட்டக்கூட முடியல" என்றான். "போ, போய்ச் சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. சில நாள் அவர்கள் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவும் இல்லை. இதற்கிடையில் அந்தப் பாட்டு பிரபலமாகிவிட்டது. அந்த டக் டக்கைக் கேட்டு ஊரெல்லாம் மேசையில் தாளம் போடுகிறார்களாம். நிறுவனத்துக்காரர் கூப்பிட்டு, அடுத்த பதிப்பில் அதை இன்னும் சத்தமாக வைக்கலாமா என்று கேட்டார். அதை எடுத்துவிடலாம் என்று தங்கை சொன்னாள். "என்னம்மா இப்படிச் சொல்றே, பாட்டுக்கு உயிரே அதுதானே" என்றார் அவர். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் அவள் அறைக்கு வந்தான். வரும்போது கதவு விளிம்பில் தோள் இடித்தது. இடித்ததைக் காட்டிக்கொள்ளாமல், "அந்தப் பாட்டைக் கொஞ்சம் என் ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் போ" என்றான்.

"எதுக்கு?"

"போடேன்."

போட்டுவிட்டு வந்து சமையலறையில் பாத்திரம் துடைக்க உட்கார்ந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுக்கிற சத்தம் கேட்டது. அதை எந்தத் திரையோடும் இணைத்திருக்கவில்லை. பாட்டின் முற்பாதி போனது. பிற்பாதியில் ஸ்பீக்கரில் கை விழ ஆரம்பித்ததும் மடியிலும் கை விழ ஆரம்பித்தது. முதலில் இரண்டும் ஒன்றாகப் போயின. அப்புறம் மடியில் இருந்தது கொஞ்சம் பின்தங்கியது. எட்டிப் பிடித்தது. மறுபடியும் பின்தங்கியது. பாட்டு முடிந்து திரும்ப ஆரம்பித்தது, திரும்பவும் ஆடினான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சீக்கிரமாகவே பின்தங்கினான்.

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டாள்.

"ரெண்டு பேரு ஆடற மாதிரி இருக்கே. யாருடி வந்திருக்கா?"

"யாரும் வரலம்மா."

"பொய் சொல்லாதே. நல்லாக் கேக்குது. ஒண்ணு நம்ம பையன், அது எனக்கே தெரியும். எத்தனை வருஷமாக் கேக்கறேன் அந்தக் கையை" என்றாள் அம்மா. "அந்த வேகமா ஆடறது நம்ம பையன். மெதுவாத் தடுமாறிட்டு ஆடறானே, பாவம், அது யாரு?"

தங்கை கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சமையலறைக்கும் அண்ணன் அறைக்கும் நடுவில் கதவு இல்லை, ஒரு திரைச்சீலைதான். உள்ளே தடுமாறிய கை நின்றுவிட்டது. வேகமான கை மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்று அண்ணன் கூப்பிட்டான். "கொஞ்சம் இங்க வாயேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு, கை ஈரம்" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அம்மா உள்ளே போனாள்.